நான்கு மால்

ரிஜிஸ்டர் ஆபீஸில் சர்வர் படுத்துக்கொண்டால்
என் அணி எழுந்துகொள்ளும்.

ஒத்தக்கடை. காலை பதினொன்றே கால்.
டோக்கன் ஒன்பதோடு நின்றுவிட்டது.
பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி ஐவரும்
ஒரே கரும்புச்சாறு வண்டியைச் சுற்றி
ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கிறார்கள்.
அவர்கள் பத்திரத்தைச் சுருக்கிக் கீழே வைத்துவிட்டு
பேஸ்பாலைத் திறக்கிறேன்.

போன பருவத்தில் நூற்றுப் பதினொரு தோல்வி.
கிரிக்கெட்டே முழுசாய்ப் பார்த்ததில்லை நான்.
இந்த மட்டை உருண்டையா தட்டையா, தெரியாது;
என் விளையாட்டில் படம் கிடையாது.
பெயர், வயது, சம்பளம், எண்கள்.
பந்து போன இடத்தை ஒரு வரி எழுதிக் காட்டும்:
இடப்பக்கம், உயரே, பிடிபட்டது.
போதும் எனக்கு.
மூன்று வருடமாய் டைப் அடித்த நிலங்களில்
எதை நேரில் பார்த்தேன்?

மைதானத்தையும் அப்படியே எழுதிக்கொண்டேன்:
மூன்றாம் தளத்துக்குக் கிழக்கு,
முதல் தளத்துக்கு மேற்கு,
இரண்டாம் தளத்துக்குத் தெற்கு,
வீட்டுத் தட்டுக்கு வடக்கு.
இந்த நான்கு மாலுக்கு உட்பட்ட ஒரு மேடு.
மேட்டின்மேல் ஒகாம்போ.

முப்பத்தேழு வயது, இடக்கை,
பந்தெறியத் தெரிந்த ஒரே ஆள்.
சம்பளத்தில் பாதி அவனுக்கே போகிறது.
அணியைப் புதிதாய்க் கட்டுவதென்றால்
முதலில் விற்க வேண்டியது
விலைபோகிற ஆளைத்தான்.

விற்றேன்.
மேற்படி ஒகாம்போவை, எழுதிக்கொடுப்பவளாகிய நான்,
சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்
பத்தொன்பது வயதுப் பையன்கள் இருவருக்கு ஈடாக,
சகல பாத்தியங்களுடன்.
ஒருவன் டில்மன்: கால் வேகம், கை ஓட்டை.
மற்றவனுக்கு இன்னும் ஒரு எண்ணும் நிறையவில்லை.
வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்,
இருவர் முழங்கையிலும் ஏதுமில்லை.

'சரி' அழுத்திய அரை நிமிடத்தில்
கரண்ட் போனது.
யூபிஎஸ் நாலு தரம் கீச்சிட்டு அடங்கியது.
கறுத்த திரையில் யானைமலை தெரிந்தது,
தும்பிக்கை பக்கம் மாறி.
"அழகுமீனா, அந்தப் பாகம் சேவ் பண்ணியாச்சுல்ல?"
சவரியப்பன் சார் பேப்பரை விசிறியாய் மடித்தார்.
பண்ணியாச்சு சார்.
பத்திரம் பண்ணியாச்சு.

கரண்ட் வந்தபோது
ஒகாம்போ மேட்டில் நிற்கிறான்.
ரத்துப் பத்திரம் இல்லை, முத்திரைத்தாள் இல்லை,
சாட்சி ரெண்டு பேர் ஆதாரோடு வரவில்லை.
தன்னை விற்றது அவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன்.
வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் முழங்கை போனது.
பதினான்கு மாதம், என்றது ஒரு வரி,
பந்து போன இடத்தைச் சொல்கிற அதே குரலில்.
இனி எவனும் வாங்க மாட்டான்.
அடமானக் கடன் மாதிரி அவன் சம்பளம்
என் பெயரில் நிற்கும்.

டில்மனைத் தேடிப் போனேன்.
அந்த ஊரில் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.
சுமாரான பிடிப்பாளன் ஒருவனையும்
கையில் மிச்சமிருந்த பணத்தையும் கொடுத்து
சும்மா வந்திருக்க வேண்டியவனை
விலைக்கு வாங்கினேன்.
முதல் ஆட்டத்தில் மூன்று நழுவல்.
மறுநாளும் அவனையே இறக்கினேன்.
அதற்கு மறுநாளும்.
ஒகாம்போ பெயருக்கு நேரே
ஒரு சிவப்புச் சிலுவை மட்டும், ஆட்டத்துக்கு ஆட்டம்.

மணி மூன்றே முக்கால்.
ஐம்பத்தெட்டு வெற்றியில் பருவம் முடிந்தது.
போன தடவைக்கு ஏழு கூட.
கடைசிக்கு முந்தின இடம்.
இதை யாரிடம் சொல்ல?
சவரியப்பன் சார் வாய்திறந்து தூங்குகிறார்.

"டோக்கன் பத்து!"
ஐவரும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள்.
கடைசித் தம்பி மட்டும் திரும்பிப் போய்
கரும்புச்சாற்றுக்குக் காசு கொடுக்கிறான்,
ஐந்து டம்ளருக்கும்.

நான் முதலில் சேவ் பண்ணுகிறேன்.